கூரையில் எட்டுத் தகடு, கையில் ஒரு கொப்பி: வாடகை வீட்டுச் சோலாருக்கு என் மதிப்பெண்

எங்கள் வீட்டில் மின்சாரக் கணக்கு எழுதுகிற கொப்பி ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்த காலத்தில் அரிசி, மா, உருளைக்கிழங்கு என்று சாமான் கணக்கு எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறு காலையும் மீற்றரைப் பார்த்து எண்ணைக் குறித்துவைப்பேன். "ஹவுசிங் அசோசியேஷனிலிருந்து சோலார் கடிதம் வந்திருக்கிறது, ஒப்பமிடலாமா அக்கா?" என்று கோயிலிலும் கலியாண வீட்டிலும் கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனேன். கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் வீடு. வடமேற்கு லண்டனில் வரிசை வீடுகளின் நடுவில் ஒன்று. உரிமை ஹவுசிங் அசோசியேஷனுக்கு, அதாவது குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் சங்கத்துக்கு; வாடகைக்கு இருப்பது நாங்கள். நான், 84 வயதான மாமி, இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்கும் மகன். சமையல் எரிவாயுவில். வீட்டைச் சூடாக்கும் போய்லரும் எரிவாயுவில். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

2022 ஒக்டோபரை இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு மின்சார, எரிவாயுக் கட்டணம் 3,549 பவுணுக்கு ஏறப்போகிறது என்று, விலைக்கு உச்சவரம்பு வைக்கும் ஒஃப்ஜெம் அமைப்பு அறிவித்தது. அரசு இடையில் புகுந்து அதை 2,500இல் பிடித்து நிறுத்தியது. அந்த 2,500ஏ எங்களுக்கு யானை விலை. அப்போது எங்களிடம் இருந்தது கீ மீற்றர். சாவியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் ஏற்றி வந்து செருகினால்தான் வீட்டில் வெளிச்சம். அரசு கொடுத்த 400 பவுண் உதவி மற்றவர்களுக்குக் கணக்கில் தானாகக் கழிந்தது. கீ மீற்றர்காரருக்கு மாதாமாதம் வவுச்சர் வந்தது: முதல் இரண்டு மாதம் 66, பிறகு 67. அதை எடுத்துக்கொண்டு தமிழ்க் கடையில் வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் தெரிந்த முகங்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் பாணையும் பாலையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் குளிரில் முன்னறை ஒன்றை மட்டும் சூடாக்கினோம். மாமி இரண்டு சோடிக் காலுறையும் தலையில் கம்பளித் தொப்பியுமாகக் கதிரையில் இருப்பார். சூடேற்றாத அறைகளின் யன்னலில் இடியப்பம் அவித்த ஆவி வடிந்து, மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. இதற்கு இந்த நாட்டில் எரிபொருள் வறுமை என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. பெயர் தெரிந்த பிறகும் குளிர் குறையவில்லை என்பது வேறு விடயம்.

கடிதம் 2023 கோடையில் வந்தது. சமூக வீடுகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிதியும் சங்கத்தின் பணமும் சேர்ந்து கூரையில் தகடு போடப்படும்; எங்களிடம் ஒரு பென்ஸும் கேட்கப்படாது; அதற்காக வாடகையும் ஏறாது. எழுதியபடியே நடந்தது. அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

ஒக்டோபரில் வீட்டைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். "வீட்டுக்கே சாரம் கட்டிவிட்டார்கள், இனி ஒரு சால்வையும் போட்டால் மாப்பிள்ளைதான்" என்று மாமி நாள் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். (யாழ்ப்பாணத்தில் இடுப்பில் கட்டுவதும் சாரம்தான். இந்தியத் தமிழர்கள் லுங்கி என்று வாசித்துக்கொள்ளுங்கள்.) தென்மேற்கு பார்த்த கூரைச் சரிவில் ஒவ்வொன்றும் 400 வாற் வீதம் எட்டுத் தகடுகள், மொத்தம் 3.2 கிலோவாற். தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர், கூரைக்குக் கீழுள்ள லொஃப்டில். படிக்கட்டுக்குக் கீழுள்ள அலுமாரியில், தகடு தருவதை அளக்கப் புதிதாக ஒரு சிறிய மீற்றர். வேலை இரண்டே நாள். சாரம் மூன்று வாரம் நின்றது. பொருத்திய பையன்கள் சப்பாத்துக்கு உறை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஓடு ஒன்றுகூட உடையவில்லை. இந்த இரண்டு ஆண்டில் ஒரு சொட்டு மழைநீர் உள்ளே இறங்கவும் இல்லை. வேலைக்கு ஐந்துக்கு ஐந்து.

போகும்போது ஒரு தம்பி ஐந்து நிமிடம் விளக்கம் சொன்னார். "பகலில் பாவியுங்கள்" என்றார். நாற்பது பக்கக் கைநூல் ஒன்றைக் குசினி மேசையில் வைத்துவிட்டு வெளிக்கிட்டார். மூன்று மதிப்பெண் கழிகிற இடம் இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். பதினைந்து ஆண்டுக்கு முன் யாரோ ஒரு புண்ணியவதி இரவில் மின்சாரம் மலிவு என்று எனக்குச் சொல்லியிருந்தார். சில மீற்றர்களுக்கு அது உண்மை. எங்கள் மீற்றர் அந்த வகை இல்லை. ஆனாலும் பதினைந்து ஆண்டாக உடுப்புத் தோய்ப்பது, மா அரைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான். தகடு ஏறிய பிறகும் அப்படியே. பகல் முழுவதும் கூரை உழைத்துத் தெருக் கம்பிக்குக் கொடுத்தது. இரவில் நான் அதே கம்பியிலிருந்து விலைக்கு வாங்கினேன். மாடு நம்முடையது, பால் கறப்பது ஊரார், நாங்கள் பால்மா வாங்கிக் குடித்தோம்.

"பகலில் பாவியுங்கள்" என்பதற்குள் எத்தனை விடயம் இருக்கிறது! ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டால் தகடு தாங்காது. மிச்சத்தைக் கம்பியிலிருந்து வீடு தானாக இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் 3 கிலோவாற். மார்ச் மாதத்து மேகமூட்டத்தில் என் கூரை தருவது 600 வாற். ஆகவே கேத்திலில் கொதிக்கிற தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு காசு கொடுத்து வாங்கியது. ஆனால் மா அரைக்கும் கிரைண்டருக்கு 150 வாற் போதும். உழுந்து அரைபடுகிற நாற்பது நிமிடமும் முழுக்க முழுக்க வெயிலில் ஓடும், மேகம் இருந்தாலும் ஓடும். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் முதல் இருபது நிமிடம் தண்ணீரைச் சூடாக்கத்தான் அதிகம் இழுக்கிறது. பிறகு சுற்றுவதற்குக் கொஞ்சம்தான். அதை உச்சி வெயிலில் தொடங்க வேண்டும், இஸ்திரியோடு சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று முடிந்தபின் ஒன்று. கலியாண வீட்டுப் பந்தி மாதிரி, எல்லோரையும் ஒரே தரத்தில் இருத்தினால் இலை காணாது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது கைநூல் இல்லை. மீற்றரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்தி, கொப்பியில் எழுதி நானாகக் கண்டுபிடித்தவை. எல்லோருக்கும் கொப்பி எழுதுகிற கிறுக்கு இருக்காது. எங்கள் தெருவிலேயே தகடு போட்ட ஒரு வீட்டில், கணவனும் மனைவியும் காலையில் போனால் இரவுதான் வருகிறார்கள். அவர்களுக்குத் தகட்டால் கிடைப்பது பிரிட்ஜ் ஓடுகிற மின்சாரம் மட்டும். இதே எட்டுத் தகடு, இதே சரிவு.

இப்போது பெரிய குறையைச் சொல்ல வேண்டும்.

2024 ஜனவரியில், லொஃப்டில் குளிர் காக்கும் பஞ்சு விரிக்க வேறொரு கூட்டம் வந்தது. அவர்கள் பாதுகாப்புக்காக இன்வேட்டருக்குப் பக்கத்திலிருந்த சிவப்பும் மஞ்சளுமான திருகு சுவிச்சை நிறுத்திவிட்டு வேலை செய்தார்கள். நல்ல பழக்கம்தான். வேலை முடிந்து ஏணியை மடித்துக்கொண்டு போனார்கள். சுவிச்சைத் திருப்பிப் போடவில்லை. எனக்குத் தெரியாது. படிக்கட்டுக்குக் கீழிருக்கும் சிறிய மீற்றரைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் பார்த்ததெல்லாம் பழைய மீற்றரை மட்டும். அந்தச் சிறியதற்கு முன்னால் இருபது கிலோ அரிசி மூட்டை வேறு சாய்ந்து கிடந்தது. குளிர்காலம் போனது, பங்குனி வெயில் வந்தது, சித்திரை வருடப்பிறப்புக்குப் பலகாரம் சுட்டோம், கட்டணம் மட்டும் குறையவில்லை. "வெள்ளைக்காரனின் வெயிலுக்குச் சத்து இல்லை" என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஜூன் மாதம், எங்கள் தெரு முனையிலிருக்கும் பிள்ளை ஒருவன், மின்வேலை படிக்கிறவன், ஊருக்குப் போகப் பெட்டி இரவல் கேட்டு வந்தான். அலுமாரிக்குள் குனிந்து பெட்டியை இழுத்தவன் அப்படியே நின்றான். "அன்ரி, வெளியில் இவ்வளவு வெயில் எறிக்கிறது, இந்தச் சிவப்புப் புள்ளி ஏன் மின்னவில்லை?" என்றான். அந்தச் சிறிய மீற்றர் ஒவ்வொரு யூனிற்றுக்கும் ஆயிரம் தடவை மின்ன வேண்டுமாம். மேலே ஏறிப் போனான். டக் என்று ஒரு சத்தம். கீழே இருந்து பார்த்தேன், புள்ளி மின்னத் தொடங்கியது. ஐந்து மாதமாகக் கூரையில் எட்டுக் கண்ணாடிப் பலகை சும்மா வெயில் காய்ந்திருக்கிறது.

சங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது வந்த பதில் இன்னும் விசேஷம். எல்லா வீட்டுத் தகடுகளையும் அவர்கள் கணினித் திரையில் பார்க்க ஏற்பாடு இருக்கிறதாம். ஆனால் இன்வேட்டர் எங்கள் வீட்டு வைஃபையில் தொங்கிக்கொண்டிருப்பதால், வைஃபை மாறினால் தொடர்பு அறுந்துவிடுமாம். நாங்கள் கொம்பனி மாற்றியது 2023 கார்த்திகையில். பல வீடுகள் அப்படி அறுந்து கிடப்பதால் திரையை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை என்று அந்தப் பெண் பிள்ளை உண்மையைச் சொன்னாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இத்தனை பெரிய செலவு செய்து கூரையில் ஏற்றியதை, வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்காமல் விட்டவர்களில் கோபம் இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர் தன் கைக்காசைப் போட்டிருந்தால் ஐந்து மாதம் பார்க்காமல் இருப்பாரா? இலவசமாக வந்தவருக்குக் கேட்கக் கூச்சம், கொடுத்தவருக்குக் கொடுத்ததோடு கடமை முடிந்தது.

ஆகவே உங்கள் வீட்டில் தகடு இருந்தால், இதை வாசிப்பதை நிறுத்திவிட்டுப் போய் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

இனிக் கொப்பிக் கணக்கு. சுவிச் ஒழுங்கான பிறகு, 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பன்னிரண்டு மாதம். தகடு தந்தது மொத்தம் 2,888 யூனிற். மே மாதத்தில் 430; டிசம்பரில் வெறும் 49. நத்தார் வாரத்தில் ஒரு நாள் முழுவதும் அரை யூனிற்கூட வரவில்லை. அதைக் கொண்டு ஒரு சோறு சமைக்கலாம், கறி வைக்க முடியாது. 2025 வசந்தம் பிரித்தானியாவில் பதிவு தொடங்கிய காலத்திலிருந்து மிக அதிகமாக வெயில் எறித்த வசந்தம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண ஆண்டில் என் கணக்கிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்வது நல்லது.

இந்த 2,888இல் வீடு பாவித்தது 1,188. மிச்சம் 1,700 யூனிற்றும் கம்பி வழியே வெளியே போனது. பகல் முழுவதும் ஆள் இருக்கிற, கொப்பி எழுதுகிற கிழவி ஒருத்தி இருக்கிற வீட்டிலேயே இவ்வளவுதான் பிடிக்க முடிந்தது. அந்த ஆண்டில் யூனிற் விலை 22க்கும் 27 பென்ஸுக்கும் இடையில் ஏறி இறங்கியது. 25 என்று வைத்தால் மிச்சம் பிடித்தது கிட்டத்தட்ட 300 பவுண். சிறிய தொகை என்று யாராவது சொன்னால் அவர் வவுச்சர் வரிசையில் நின்றதில்லை.

ஆனால் அதே கொப்பியின் அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் சேர்த்து நிலையான கட்டணம் என்று அந்த ஆண்டில் நாளுக்கு 80 பென்ஸுக்கு மேல் வாங்கினார்கள். விளக்கே போடாமல் இருட்டில் இருந்தாலும் அது ஓடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 300 பவுண். சூரியன் ஒரு கையில் தந்ததைக் கம்பனி மற்றக் கையால் வாங்கிக்கொள்கிறது. இதற்குத் தகட்டைக் குறை சொல்ல முடியாது.

குளிருக்கு வருகிறேன். எங்களை வாட்டியது குளிர், வெளிச்சம் இல்லாததன்று. குளிர் இருப்பது டிசம்பரிலும் ஜனவரியிலும், மாலை நாலு மணிக்கு இருட்டிய பிறகு. தகடு வேலை செய்வது மே, ஜூனில், நடுப்பகலில். இரண்டும் சந்திப்பதே இல்லை, கீரியும் பாம்பும் மாதிரி. ஜனவரியில் எரிவாயுவுக்கு 110 பவுண் கட்டினேன். கூரையில் தகடு இருந்தும் 110, இல்லாவிட்டாலும் 110. சோலார் போட்டால் வீடு கதகதப்பாகிவிடும் என்று நினைத்து ஒப்பமிடாதீர்கள். வீட்டின் சூடு தங்கியது, அந்த மறதிக்காரர்கள் லொஃப்டில் விரித்த பஞ்சினால்தான். இதை நான் மனமில்லாமல்தான் எழுதுகிறேன்.

இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு: மாசிக் கடைசி, பங்குனி, பிறகு ஒக்டோபர். வெளியில் குளிர், ஆனால் வெயில் பளிச்சென்று. அந்த நாள்களில் மாமியின் அறையில் 700 வாற் எண்ணெய் ஹீட்டர் ஒன்றைப் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை போடுவேன். தெருவுக்குப் போகிற மின்சாரம் மாமியின் காலடிக்கு வந்தது. அந்த மூன்று மணி நேரமும் அவர் ஒரு சோடிக் காலுறையைக் கழற்றிவிடுவார். இந்த இரண்டு ஆண்டில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய லாபம் எது என்று கேட்டால், கழற்றிய அந்தக் காலுறை என்பேன்.

இதிலும் மகன் ஒரு கணக்குக் கொண்டுவந்தான். வெளியே போகும் மின்சாரத்துக்கு இப்போது எங்களுக்குப் பணம் வருகிறது, யூனிற்றுக்கு 12 பென்ஸ். எரிவாயுவில் அதே அளவு சூடு எடுத்தால் 7 பென்ஸ்தான் முடியும். ஆகவே ஹீட்டரை நிறுத்தி, மின்சாரத்தை விற்று, எரிவாயுவை எரிப்பதுதான் புத்தி என்றான். கணக்குச் சரி. ஆனால் போய்லரைப் போட்டால் அது மாமியின் அறையோடு நிற்குமா? வீடு முழுவதையும் சூடாக்கும். கணக்கு அவனுடையது, கால் மாமியுடையது. ஹீட்டர் ஓடுகிறது.

அந்த 12 பென்ஸ் எப்படி வந்தது என்பது தனிக் கதை. வெளியே போகும் மின்சாரத்துக்குப் பணம் கொடுக்கும் திட்டம் இந்த நாட்டில் 2020 ஜனவரி முதல் இருக்கிறது. 150,000க்கு மேல் வாடிக்கையாளர் உள்ள ஒவ்வொரு கொம்பனியும் ஏதாவது ஒரு விலை வைத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பது அவர்கள் விருப்பம், பூச்சியத்துக்கு மேல் இருந்தால் சரி. அதனால் ஒருவர் ஒன்றிரண்டு பென்ஸும் இன்னொருவர் பன்னிரண்டு பதினைந்தும் கொடுப்பார்கள். வீட்டுக்கு மின்சாரம் விற்கிற கொம்பனியிடம்தான் இதையும் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் சங்கம் இந்தப் பணத்தை வாடகைக்காரருக்கே விட்டிருக்கிறது. சில சங்கங்கள் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. ஒப்பமிடுவதற்கு முன் கடிதத்தில் நீங்கள் தேட வேண்டிய வரி இதுதான். 2010க்கும் 2019 பங்குனிக்கும் இடையில் போட்ட பழைய தகடு என்றால் கதை வேறு: அப்போதிருந்த திட்டத்தில் உற்பத்திக்கான பணம் தகட்டின் சொந்தக்காரருக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுக்குப் போகும், வாடகைக்காரருக்குப் பகல் மின்சாரம் மட்டும்.

எனக்கு உரிமை இருந்தது, கடதாசி இருக்கவில்லை. தகடு பொருத்தியதற்கான எம்.சி.எஸ். என்ற தரச் சான்றிதழ் வேண்டும். கம்பி வலையமைப்புக்காரருக்கு அறிவித்த கடிதம் வேண்டும். பொருத்தியவர் 28 நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டியது அது. அரை மணிக்கு ஒரு தடவை கணக்கு அனுப்புகிற ஸ்மார்ட் மீற்றர் வேண்டும். கீ மீற்றருக்குப் பிரியாவிடை கொடுத்து மாதக் கட்டணத்துக்கு மாறினோம். அதற்கே இரண்டு மாதம். சான்றிதழை எடுக்கச் சங்கத்துக்கு ஐந்து தடவை தொலைபேசியில் கதைத்தேன். ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார், அவர் விடுமுறையில் இருப்பார். ஐந்தாவது தடவை, இங்கிலீஷ் குறைந்த கிழவி என்று நினைத்தவர்களுக்கு, கொப்பியைப் பார்த்துத் திகதி திகதியாக யார் என்ன சொன்னார்கள் என்று வாசித்துக் காட்டினேன். அன்று மாலையே மின்னஞ்சலில் வந்துவிட்டது. 2025 பெப்ரவரியில் சேர்ந்தோம். ஜூன் முடிய 1,004 யூனிற், 120 பவுண். அதற்கு முன் போனதெல்லாம் தர்மக் கணக்கு.

பற்றரி? எங்களுக்குத் தரவில்லை. மற்றொரு சங்கத்தின் வீட்டில் இருக்கும் என் மச்சாளுக்கு 5 யூனிற் கொள்ளும் பற்றரியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் இரவுச் சமையலையும் வெயிலில் முடிக்கிறாள். நான் பார்க்கப் போனபோது அதை விளக்கேற்றிக் கும்பிடாத குறை. வீடு எங்களுடையது இல்லாததால் சொந்தக் காசிலும் போட முடியாது. இதை எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. தண்ணீர்த் தாங்கி உள்ள வீடு என்றால், மிஞ்சுகிற மின்சாரத்தைக் குளிக்கும் தண்ணீரைச் சூடாக்கத் திருப்பிவிடும் சிறிய பெட்டி ஒன்று உண்டு, கட்டாயம் கேளுங்கள். எங்களைப் போல தாங்கி இல்லாத போய்லர் என்றால் அது பயன்படாது.

கோண்டாவிலில் இருக்கும் என் தங்கைக்கு இந்தத் தகட்டுக் கதை பெரிய சிரிப்பு. 2022இல் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாள்களைப் பார்த்தவள் அவள். "கரண்ட் போனால் உங்களுக்குக் கவலை இல்லைத்தானே" என்றாள். போனால் எங்களுக்கும் போகும் என்றேன். கம்பியில் மின்சாரம் நின்றால், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு அடிக்கக் கூடாது என்று இன்வேட்டர் தானாக நின்றுவிடும். "பிறகு என்னத்துக்கு?" என்றாள். தொண்ணூறுகளில் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் காலம் தள்ளியவர்கள் நாங்கள் இரண்டு பேரும். அவள் கேட்டது நியாயமான கேள்வி. பற்றரி இருந்தால்கூட அதற்கென்று தனியாகச் சுவிச் அமைத்திருந்தால்தான் இருட்டில் உதவும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதெல்லாம் கூரை உள்ளவர்களின் கதை என்று நினைக்கலாம். பிரிக்ஸ்டனில் லஃபரோ எஸ்டேட்டின் எல்மோர் ஹவுஸ் கூரையில் 2012லேயே தகடு போட்டார்கள்; பொதுமக்கள் கூட்டுறவாகப் பங்கு போட்டுச் செய்தது அது. அந்த மின்சாரம் லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் போகிறது. வருமானத்தில் ஒரு பகுதி குடியிருப்பாளர்களின் எரிசக்திச் செலவைக் குறைக்கும் நிதிக்கு. நல்ல வேலை, ஆனால் வீட்டு மீற்றருக்குள் வெயில் நேராக வரவில்லை. 2023இல் வேல்ஸில், கார்டிஃப் நகரின் ஓடெட் கோர்ட் என்ற சமூக வீட்டுக் கட்டடத்தில் அதற்கும் வழி செய்தார்கள்: ஒரே கூரையின் மின்சாரத்தை 24 வீடுகளுக்கும் பங்கிடும் கருவி. உங்கள் கட்டடத்துக்குக் கடிதம் வந்தால், வெயில் லிஃப்டுக்கா வீட்டுக்கா என்று கேளுங்கள்.

புறாவைப் பற்றி எழுதாவிட்டால் மாமி மன்னிக்க மாட்டார். தகட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி புறாவுக்குச் சொர்க்கம்: மழை படாது, காற்றுப் படாது, கீழிருந்து சூடு. முதல் வசந்தத்திலேயே இரண்டு குடும்பம் குடிவந்தது. விடிய நாலரைக்கு மாமியின் தலைக்கு மேலே குறுகுறுப்பு. சுற்றி வலை அடித்திருந்தால் தீர்ந்தது. தகடு போட்ட அன்றே அடித்திருக்கலாம், சாரம் மூன்று வாரம் சும்மாதானே நின்றது. ஏழு மாதம் கழித்து மறுபடி சாரம் கட்டி அடித்தார்கள். வாடகை இல்லாமல் இருந்தவை அந்தக் கூரையில் புறாக்கள் மட்டும்தான்.

இன்னொன்று, இதை வாசித்தபோது சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எரிபொருள் வறுமையை இங்கிலாந்தில் முன்பு வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறதா என்று அளந்தார்கள். 2021 முதல் அளவு வேறு. வீட்டின் எரிசக்தித் தரம் ('ஏ' முதல் இடம், 'ஜி' கடைசி) 'டி' அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். வாடகையும் எரிசக்தியும் போக மிஞ்சுகிற வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கில் வரும். தகடு ஏறினால் வீட்டுத் தரமும் ஏறும். எங்கள் வீடு 'டி'யிலிருந்து 'சி'க்கு வந்திருக்கிறது, சான்றிதழை அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே அரசின் கணக்கில் எங்களுக்கு எரிபொருள் வறுமை தீர்ந்துவிட்டது. ஜனவரியில் 110 பவுண் எரிவாயு கட்டிய மாதமும் தீர்ந்துதான் இருந்தது.

ஒப்பமிடலாமா என்றால், இடுங்கள். சும்மா வருகிற வெயில், அதற்காக வாடகை ஏறாது என்று எழுத்தில் இருந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் வாசலில் நின்று மூன்று விடயம் கேட்டுவிட்டு இடுங்கள்: விற்ற மின்சாரத்தின் பணம் யாருக்கு, புறா வலை இன்றைக்கே அடிப்பார்களா, நின்றுபோனால் யார் கவனிப்பார்கள். பகலில் யாரும் வீட்டில் இல்லையென்றால் பற்றரிக்கு அடம்பிடியுங்கள். தகட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, பொருத்தியவர்களுக்கும் அதே. சொல்லிக்கொடுத்ததற்கு இரண்டு. கவனித்ததற்கு ஒன்று, அந்த ஒன்றும் தொலைபேசியில் உண்மை சொன்ன பிள்ளைக்காக.

இதை எழுதி முடிக்கும்போது கார்த்திகை, மாலை மூன்றரை மணி, வெளியில் மங்கல். மாமி கதிரையிலிருந்து வழக்கம்போல் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டார். மீற்றரைப் பார்த்துவிட்டு இரண்டு யூனிற் என்றேன். "புட்டு அவிக்கக் காணும்" என்றார். மாவைக் குழைக்கப் போகிறேன்.